ஐந்து பந்துகளில் ஒரு பிட்சர்

பேஸ்பால் வீடியோ கேமில் இப்போதெல்லாம் ஆளின் முகம் தவறுவதில்லை. தாடி எவ்வளவு, தொப்பியை எப்படி இழுத்துவிட்டுக்கொள்வார், வீசுமுன் காலை எவ்வளவு உயரம் தூக்குவார், எல்லாம் அச்சு அசல். கையைவிட்டுப் பந்து கிளம்பிய பிறகுதான் சந்தேகம் வருகிறது. மைதானத்தில் பார்த்த அதே மனிதரா இவர்? அவருடைய பந்து நேராக வருவதுபோல் வந்து கடைசியில் தரையைப் பார்த்துச் சரியும். திரையில் வருவதோ பெரிய வளைவு போட்டுக்கொண்டு சாவகாசமாக வருகிறது. என்னைக் கேட்டால், ஒரு பிட்சருக்கு அவருடைய பந்துகள்தான் முகம். அவை தப்பினால் தாடியும் தொப்பியும் சரியாக இருந்து பயன் இல்லை.

நான் இருப்பது பிட்ஸ்பர்க்கில். இயந்திர உதிரிபாகங்களை அளந்து பார்த்துத் தேர்வு செய்வது என் வேலை. மைதானங்கள் பனியில் மூடிக் கிடக்கும் மாதங்களில் என் மாலைப் பொழுதுகள் பிட்சர் பட்டியலைத் திருத்துவதில் கழிகின்றன. இந்த விளையாட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு வீரரின் விவரத்தையும் திறந்து மாற்ற வழி உண்டு. இவர் எந்தெந்தப் பந்துகளை வீசுவார், ஒவ்வொன்றின் வேகம் என்ன, கட்டுப்பாடு எவ்வளவு, திருப்பம் எவ்வளவு என்று எண்களாக இருக்கும். அந்த எண்களை உண்மையான மனிதருக்குப் பொருந்தும்படி மாற்றுவதுதான் வேலை. திருத்திய பட்டியலை முன்பின் தெரியாதவர்களும் எடுத்து ஆடுவார்கள் என்பதால், ஏனோதானோ என்று செய்ய மனம் வராது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளருக்கு மண் துணை நிற்கிறது. பந்து தரையில் குத்தி எழும்போது திரும்பும், எகிறும், தாழும். பேஸ்பால் பிட்சருக்கு அந்தத் துணை கிடையாது. பந்து தரையில் படாமலே பேட்டரைத் தாண்டிப் போக வேண்டும். ஏமாற்றுவதெல்லாம் காற்றில்தான். 10 அங்குல உயரமுள்ள மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலம் தள்ளி இருக்கும் 17 அங்குல அகலத் தட்டின் மேல் அதை அனுப்ப வேண்டும். முன்னால் எட்டு வைத்து, கையை நீட்டிப் பந்தை விடும்போது மிச்சம் இருப்பது ஏறத்தாழ 55 அடி. மணிக்கு 95 மைல், அதாவது 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வினாடியில் பாதிகூட ஆவதில்லை. சுமார் 0.41 வினாடி. மட்டையைச் சுழற்றவே அதில் 0.15 வினாடி போய்விடும். மீதி நேரத்துக்குள் இது எந்தப் பந்து, எங்கே வரும், அடிப்பதா விடுவதா என்று பேட்டர் முடிவு கட்ட வேண்டும்.

காற்றில் பந்தைத் திருப்புவது சுழற்சி. பேஸ்பாலின் வெள்ளைத் தோலைச் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல் போட்டு மூடியிருப்பார்கள். விரல் அந்தத் தையலில் எங்கே பதிகிறது, விடும்போது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் பொறுத்துப் பந்து ஒரு அச்சில் சுழலும். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது, அதனால் தான் எதிர்ப்பக்கம் நகர்கிறது. இயற்பியலில் இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். ஃபாஸ்ட்பாலைப் பின்னோக்கிச் சுழலவிட்டால் காற்று அதை மேலே தாங்கும். கர்வ்பாலை முன்னோக்கிச் சுழலவிட்டால் காற்றும் புவியீர்ப்பும் சேர்ந்து கீழே அமுக்கும்.

இங்கே ஒரு கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். விளையாட்டுகள் தடுமாறும் இடம் இதுதான்.

95 மைல் ஃபாஸ்ட்பால் 0.41 வினாடி காற்றில் இருக்கிறது. சுழற்சியே இல்லாமல் வந்தால், அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 32 அங்குலம் கீழே இழுக்கும். நல்ல பின்சுழற்சி இருந்தால் அதில் 16 அங்குலத்தைக் காற்று தாங்கிக்கொள்கிறது. ஆகவே பந்து விழுவது மீதி 16 அங்குலம் மட்டுமே. பேட்டரின் கண் பல ஆண்டுகளாக இந்த வீழ்ச்சிக்குப் பழகியிருக்கிறது. இப்போது அதே பிட்சர் 86 மைல் வேகத்தில் ஒரு ஸ்லைடர் விடுகிறார். ஸ்லைடர்களில் ஒரு வகை, துப்பாக்கிக் குண்டு சுழல்வதுபோல் போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழலும். அந்தச் சுழற்சியில் காற்றுக்குத் தள்ள ஒன்றும் இல்லை, தாங்கவும் ஒன்றும் இல்லை. வேகம் குறைவதால் காற்றில் இருக்கும் நேரம் கூடுகிறது. புவியீர்ப்பு சுமார் 40 அங்குலம் இழுத்துவிடுகிறது. ஃபாஸ்ட்பால் வந்து சேரும் இடத்துக்கும் ஸ்லைடர் வந்து சேரும் இடத்துக்கும் ஏறத்தாழ இரண்டு அடி வித்தியாசம். மட்டையின் மிகப் பருத்த இடம் விட்டத்தில் 2.61 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. இரண்டு அடிக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

அளவுக் கருவி அந்த ஸ்லைடரைப் பற்றி என்ன சொல்லும்? காற்றினால் இது எந்தப் பக்கமும் நகரவில்லை, திருப்பம் ஏறக்குறைய பூஜ்யம் என்று சொல்லும். பட்டியல் திருத்துகிறவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு விளையாட்டில் திருப்பத்துக்குக் குறைந்த எண் கொடுத்தால், அந்தப் பந்து மெதுவான ஃபாஸ்ட்பாலாகி, எதிராளி அதை வேலிக்கு வெளியே அனுப்புவார். பேட்டர் திணறுகிறாரே என்று அதிக எண் கொடுத்தால், பந்து பக்கவாட்டில் ஒரு கஜம் பறந்து போகும்; உண்மையில் அது அப்படிப் போவதே இல்லை. இரண்டும் பொய். ஒரு பந்தை மட்டும் தனியாக எடுத்து வைத்து அது எவ்வளவு திரும்புகிறது என்று கேட்பதில் பொருள் இல்லை. அவருடைய மற்றப் பந்துகளிலிருந்து அது எவ்வளவு விலகி வருகிறது என்பதே பேட்டருக்குத் தெரிவது. பிட்சரை உண்மையாக்க நினைப்பவர் திருத்த வேண்டியது அந்த விலகலை.

சேஞ்ச்அப் இதற்கு இன்னும் நல்ல சாட்சி. ஃபாஸ்ட்பால் வீசும் அதே கைவேகத்தில், பந்தை உள்ளங்கைப் பக்கம் தள்ளிப் பிடித்து, பத்து மைல் குறைத்து விடுவார்கள். தனியாகப் பார்த்தால் அது ஒரு மந்தமான பந்து. ஃபாஸ்ட்பாலுக்காக மட்டையைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டவருக்கு அது வந்து சேரும்போது மட்டை தாண்டிப் போயிருக்கும். வேகம் குறைந்ததனால் மட்டுமே எட்டு அங்குலம் கூடுதலாக விழும், சுழற்சியின் தாங்கலும் குறைவதால் இன்னும் பத்து அங்குலம். நல்ல சேஞ்ச்அப் உள்ளவரின் ஃபாஸ்ட்பால் வேகத்தை விளையாட்டில் ஐந்து மைல் குறைத்துவிட்டுப் பாருங்கள். சேஞ்ச்அப்பின் எண்ணைத் தொடாமலே அது செத்துவிடும்.

விளையாட்டுகள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழியும் சுவாரசியமானது. 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட பேஸ்பால் விளையாட்டில் எல்லாப் பிட்சரும் ஒரே பிட்சர்தான். வேகம், மெதுவு, இடம், வலம், அவ்வளவே. 1986இல் ஜப்பானில் நாம்கோவின் ஃபேமிலி ஸ்டேடியம் வந்தது. அதில் கையைவிட்டுக் கிளம்பிய பந்தையும் பொத்தானை அழுத்தித் திருப்பலாம். ஆடுவதற்கு அபார மகிழ்ச்சி, இயற்பியலுக்குச் சம்பந்தம் இல்லை. 1994இல் கொனாமி தொடங்கிய பவர்ஃபுல் புரோ யாக்கியூ வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய தலையும் கால் இல்லாத பாதமுமாகப் பொம்மை உருவங்கள்தான். ஆனால் ஒவ்வொரு பிட்சருக்கும் ஒரு படம் இருக்கும். எந்தத் திசையில் எந்தப் பந்து, அது எத்தனை படி திரும்பும் என்று அம்புக்குறிகளில் ஏழு படி வரை காட்டுவார்கள். ஒரே பார்வையில் ஆளைப் படித்துவிடலாம். முகத்தை வரையாமல் பந்தை வரைந்தார்கள். அந்த முன்னுரிமை எனக்குச் சரியாகப் படுகிறது.

உருவமே முக்கியமில்லாத இன்னொரு பிரிவும் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்குஸ் ஹைன்ஸோன் உருவாக்கிய அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பாலில் நாம் பந்து வீசுவதும் இல்லை, அடிப்பதும் இல்லை. அணியை நிர்வகிக்கிறோம். அங்கே பந்து வகைகளுக்கு வேறொரு பயன். ஆட்டத்தைத் தொடங்கி வைத்து ஐந்தாறு இன்னிங்ஸ் நிற்க வேண்டிய பிட்சருக்கு மூன்று நல்ல பந்துகளாவது வேண்டும். ஒன்றிரண்டு மட்டுமே உள்ளவரைக் கடைசியில் ஒரு இன்னிங்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். மைதானத்தில் மேலாளர்களும் எடுக்கும் முடிவு அது. ஒரே பேட்டர் மூன்றாவது முறை எதிரே வரும்போது பிட்சரின் பெட்டி காலியாக இருக்கக்கூடாது.

எண்கள் எங்கிருந்து வருகின்றன? 2006ஆம் ஆண்டின் இறுதிச் சுற்று ஆட்டங்களில் பிட்ச்எஃப்எக்ஸ் என்ற கேமரா ஏற்பாடு அறிமுகமானது. ஓரிரு ஆண்டில் எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்கும் வந்தது. 2015இல் ஸ்டாட்காஸ்ட் என்ற அளவு ஏற்பாடு வந்தது. 2020 முதல் அதில் பந்தைப் பின்தொடர்வது ஹாக்-ஐ கேமராக்கள். எல்பிடபிள்யூ தீர்ப்புக்காக நம் கிரிக்கெட் ரசிகர்கள் பார்த்துப் பழகிய அதே ஹாக்-ஐ. வீசப்படும் ஒவ்வொரு பந்துக்கும் வேகம், சுழற்சி, மேல்கீழ் நகர்வு, பக்க நகர்வு, கையைவிட்டுக் கிளம்பிய உயரம் என எல்லாம் பதிவாகிறது. பொதுமக்கள் பார்வைக்கும் கிடைக்கிறது. வீட்டில் உட்கார்ந்து ஒரு பிட்சரை இவ்வளவு நுணுக்கமாக அளக்க முன்னொரு காலத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை. என் போன்ற அளவுக்காரனுக்கு இது பெரிய கொடை.

ஆனாலும் அளவை அப்படியே கொட்டிவிட முடியாது. பல விளையாட்டுகளில் ஒரு பிட்சருக்கு ஐந்து பந்துகளுக்குத்தான் இடம். யூ டார்விஷ் போன்றவருக்கு ஐந்து எந்த மூலைக்கு? நாலு சீம் ஃபாஸ்ட்பால், சிங்க்கர், கட்டர், ஸ்லைடர், வேகமாய் ஒன்றும் மெதுவாய் ஒன்றுமாகக் கர்வ்பால், ஸ்ப்ளிட்டர் என்று அவர் பெட்டி நீண்டுகொண்டே போகும். எதை விடுவது? அதிகம் வீசும் ஐந்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம் என்பார்கள் பலர். எனக்கு அது ஒப்பவில்லை. மிக மெதுவான கர்வ்பாலை அவர் எப்போதாவதுதான் வீசுவார். அந்த ஒரு பந்து இருக்கிறது என்ற நினைப்பே பேட்டரின் காலை ஒரு கணம் தயங்க வைக்கும். ஒன்றுக்கொன்று ஒட்டி வரும் இரண்டு பந்துகளில் ஒன்றை நீக்குவேன், வேகத்தின் இரு எல்லைகளையும் தொடமாட்டேன்.

இதற்கு நேர் எதிர், மரியானோ ரிவேரா. பனாமாக்காரர், நியூயார்க் யாங்கீஸின் கடைசி இன்னிங்ஸ் பிட்சர், 652 சேவ். 2019இல் ஒரு வாக்குகூடக் குறையாமல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான முதல் மனிதர். 1997இல் சக வீரரோடு சும்மா பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது பந்து தானாகவே கடைசியில் விலக ஆரம்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டரை வைத்துக்கொண்டு பதினாறு ஆண்டுகள் ஆடினார். என்ன வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் இடக்கை பேட்டர்களின் மட்டை கைப்பிடியருகே உடைந்து விழும். காலியாக இருக்கிறதே என்று இவருக்கு ஒரு கர்வ்பாலும் ஒரு சேஞ்ச்அப்பும் சேர்த்துக் கொடுத்த பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். மனம் நோகும். அவரிடம் இல்லாத பந்துகளில்தான் அவர் பெருமையே இருக்கிறது. மீதி இடங்கள் வெறுமையாகவே கிடக்கட்டும்.

அதனால்தான் எந்தப் பந்து என்பதோடு எத்தனைக்கு ஒன்று என்பதும் எனக்கு முக்கியம். என் நோட்டில் ஒவ்வொரு பிட்சருக்கும் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன், வலக்கை பேட்டருக்கு ஒன்று, இடக்கை பேட்டருக்கு ஒன்று. வலக்கை பிட்சர் வலக்கை பேட்டருக்கு ஸ்லைடரை அதிகம் வீசுவார். அது அவரைவிட்டு விலகி ஓடும். இடக்கை பேட்டர் வந்தால் ஸ்லைடர் அவர் மட்டைக்குள் வந்து விழும் என்பதால் சேஞ்ச்அப்பை எடுப்பார். இதைக் கணினி அறியாமல் எல்லாருக்கும் எல்லாவற்றையும் சமமாகக் கலந்து வீசினால், ஐந்து பந்தும் சரியாக இருந்தும் ஆள் பொய்யாகிவிடுவார்.

ஒரு நாள் என் மகள் கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் போட்டுவிட்டு, "அப்பா, இவரு மூணு பால் ஆன பிறகும் ஸ்லைடர் போடுறாரு. நிஜத்துல யாராவது அப்படிப் போடுவாங்களா?" என்று கேட்டாள். எல்லைக்கு வெளியே போய், பேட்டர் அடிக்காமல் விடும் பந்துக்குத்தான் பால் என்று பெயர். நாலாவது பால் ஆனால் பேட்டர் ஓசியில் முதல் தளத்துக்குப் போய்விடுவார் என்பதால், பெரும்பாலானோர் அந்த இடத்தில் நம்பகமான ஃபாஸ்ட்பாலைத்தான் வீசுவார்கள். "சிலபேர் போடுவாங்க கண்ணு. இவரு போடமாட்டாரு" என்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பிட்சரின் சுபாவம் புரிய ஆரம்பித்திருக்கிறது. உண்மையான பந்து உள்ள விளையாட்டு இதைச் செய்யும். எல்லாப் பந்தையும் அடிக்கப் பார்த்தவள் இப்போது முதல் சில பந்துகளை விட்டுப் பார்க்கிறாள்.

எங்கள் ஊர்ப் பிட்சர் பால் ஸ்கீன்ஸைத் திருத்துவது எனக்குத் தனிச் சந்தோஷம், தனிச் சிக்கலும்கூட. 2024 மே மாதம் பைரேட்ஸ் அணியில் முதல் ஆட்டம், அந்த ஆண்டே நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம், அடுத்த ஆண்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அவருடைய ஒரு பந்து ஸ்ப்ளிட்டருக்கும் சிங்க்கருக்கும் இடையில் நிற்கிறது. ரசிகர்கள் இரண்டையும் ஒட்டி ஸ்ப்ளிங்க்கர் என்கிறார்கள். சிங்க்கரின் வேகம், மணிக்கு 94 மைல் அளவில். விழுவதோ ஸ்ப்ளிட்டர் மாதிரி. சாதாரண ஸ்ப்ளிட்டர் அவ்வளவு வேகமாக வராது. சாதாரண சிங்க்கர் அவ்வளவு விழாது. விளையாட்டில் அதை ஸ்ப்ளிட்டர் என்று பதிந்து வேகத்தைக் கூட்டுவதா, சிங்க்கர் என்று பதிந்து திருப்பத்தைக் கூட்டுவதா? நான் ஸ்ப்ளிட்டர் என்றே வைத்தேன். பேட்டர் அதைத் தவறவிடும் விதம் ஸ்ப்ளிட்டருக்கு உரியது, மட்டை பந்துக்கு மேலே சுழன்று போகிறது.

இதே பைரேட்ஸில் 1992இல் ஒருவர் அறிமுகமானார். முதல் தளத்தில் ஆடுவதற்காக எடுக்கப்பட்டு, மட்டை எடுபடாமல் பிட்சராக மாற்றப்பட்ட டிம் வேக்ஃபீல்ட். அவர் ஆயுதம் நக்கிள்பால். விரல் நகத்தால் அழுத்திச் சுழற்சியே இல்லாமல் தள்ளிவிடும் பந்து. சுழலாததால் தையல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் காற்றோட்டம் மாறும். பந்து எங்கே போகும் என்று வீசியவருக்கும் தெரியாது, பிடிப்பவருக்கும் தெரியாது. வேகம் 66 மைல் அளவுதான். பின்னாளில் பாஸ்டன் ரெட் சாக்ஸில் பதினேழு பருவங்கள் ஆடி, மொத்தம் 200 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். 2023இல் காலமானார். நக்கிள்பாலை விளையாட்டில் கொண்டுவருவது எல்லாவற்றிலும் கடினம். எண் கொடுத்தால் பந்து ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நெளியும். அது நக்கிள்பாலே இல்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் பாதை வேறாக வர வேண்டும், அதைப் பட்டியலில் திருத்த முடியாது, விளையாட்டை எழுதுபவர்தான் செய்ய வேண்டும்.

தையலின் பங்கு நக்கிள்பாலோடு நிற்பதில்லை என்று யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஸ்மித் முதலானோர் அண்மை ஆண்டுகளில் காட்டியிருக்கிறார்கள். நன்றாகச் சுழலும் சிங்க்கரிலும், பக்கவாட்டில் ஓடும் ஸ்வீப்பரிலும்கூட, தையல் பந்தின் எந்த இடத்தில் வந்து வந்து நிற்கிறது என்பது காற்றைப் பிரித்து, சுழற்சிக் கணக்கு சொல்லாத கூடுதல் நகர்வைத் தருகிறது. சுழற்சி எண்ணை மட்டும் பார்த்துத் திருப்பத்தைக் கணக்கிட்டால் இந்தப் பந்துகள் குறைத்தே மதிப்பிடப்படும். நகர்வையே நேராக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பந்தைக் கையிலிருந்து விடும் இடத்தையும் பார்க்க வேண்டும். டைலர் ரோஜர்ஸ் என்பவர் இடுப்பை வளைத்துத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கும் குறைவான உயரத்தில் பந்தை விடுகிறார். வேகம் 83 மைல் அளவு, மேஜர் லீகில் அது மிகக் குறைவு. எல்லோருடைய பந்தும் மேலிருந்து கீழே வரும்போது இவருடையது கீழிருந்து கிளம்புகிறது என்பதே அவர் பலம். அவர் எண்களை மேலிருந்து வீசும் உருவத்துக்குக் கொடுத்துப் பாருங்கள், முதல் இன்னிங்ஸிலேயே அடித்து நொறுக்கிவிடுவார்கள்.

கணினி பதிவு செய்யாத காலத்துப் பிட்சர்களிடம் வரும்போது வேலையின் சுபாவமே மாறுகிறது. எம்எல்பி தி ஷோ என்ற விளையாட்டின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில், கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீக் கதவு அடைத்திருந்த காலத்து நீக்ரோ லீக் வீரர்களின் கதைகளைச் சேர்த்தார்கள். கன்சஸ் சிட்டியில் உள்ள நீக்ரோ லீக் பேஸ்பால் அருங்காட்சியகத்தின் தலைவர் பாப் கெண்ட்ரிக் அவற்றைச் சொல்லிச் செல்கிறார். அதில் சாட்செல் பேஜ் உண்டு. நாற்பத்திரண்டு வயதில், 1948இல், கிளீவ்லாந்துக்காக முதன்முதலாக மேஜர் லீகில் வீச அனுமதிக்கப்பட்டவர். 1965இல் ஐம்பத்தொன்பது வயதில் ஒரு ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரு ஹிட் மட்டுமே கொடுத்தவர். தன் பந்துகளுக்குத் தானே பெயர் வைத்தார். அவற்றில் ஒன்று தயங்கும் பந்து. முன்கால் தரையில் ஊன்றிய பிறகும் கை வராமல் நிற்கும், பேட்டர் மட்டையைச் சுழற்றிவிட்டு நிற்பார், அப்புறம் பந்து வரும். எந்தக் கேமராவும் அவருடைய நல்ல ஆண்டுகளை அளக்கவில்லை. அந்த ஆண்டுகள் மேஜர் லீகுக்கு வெளியே கழிந்தது தற்செயல் அல்ல, அநீதி. அப்படிப்பட்டவருக்கு எண் எழுதும்போது எனக்குக் கை நிதானமாகிறது.

இங்கே சாட்சிகள் வேறு. எதிரே நின்று அடித்தவர்கள் சொன்னது, பிடித்த கேட்சர் சொன்னது, அன்றைய செய்தித்தாள். பில் ஜேம்ஸும் ராப் நேயரும் 2004இல் பிட்சர்களைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார்கள். பழைய காலத்தவர் யார் யார் எந்தெந்தப் பந்து வீசினார்கள் என்று இப்படிப்பட்ட சாட்சிகளிலிருந்து திரட்டியது. பழைய அணிகளைத் திருத்துகிறவர்களுக்கு அது கைவிளக்கு. கிறிஸ்டி மேத்யூசன் ஃபேட்அவே என்று ஒன்று வீசினார், 1905 உலகத் தொடரில் மூன்று ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. கர்வ்பாலுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் அந்தப் பந்தை இன்றைய விளையாட்டில் ஸ்க்ரூபால் இடத்தில் வைக்கலாம். 1981இல் ஃபெர்னாண்டோ வாலென்ஸுவேலா அதே வகைப் பந்தை வைத்துச் சிறந்த புதுமுகம், சை யங் இரண்டையும் ஒரே ஆண்டில் வாங்கினார். வேகம் தெரியாத இடத்தில் என் வழி இதுதான்: அந்தக் காலத்துப் பேட்டர்களுக்கு அவர் எவ்வளவு வேகமாகத் தெரிந்தாரோ, இன்றைய அளவில் அந்த இடத்தில் நிற்பவரின் எண்ணைக் கொடுப்பேன்.

விலகல்தான் எல்லாம் என்று முன்பு சொன்னதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2023 மார்ச் 21, மியாமி. உலக பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டம், ஜப்பான் 3, அமெரிக்கா 2, கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட். வீசுபவர் ஷோஹெய் ஓதானி, எதிரே மைக் ட்ரவுட். அப்போது இருவரும் ஒரே கிளப்பில் சக வீரர்கள். 100 மைலைத் தொட்ட ஃபாஸ்ட்பால்களை ஓதானி அடுத்தடுத்து விட்டார். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். அடுத்தது 87 மைலில் ஒரு ஸ்வீப்பர், தட்டின் குறுக்கே பக்கவாட்டில் ஓடியது. ட்ரவுட் சுழற்றினார், படவில்லை, ஆட்டம் முடிந்தது. அந்த ஸ்வீப்பர் அழகானதுதான். ஆனால் முன்னால் வந்த 100 மைல் பந்துகள் இல்லாமல் ட்ரவுட் போன்ற ஒருவரை அது ஏமாற்றியிருக்காது. இந்த ஆறு பந்துகளையும் விளையாட்டில் அதே வரிசையில் வீசிப் பார்த்து, கடைசிப் பந்துக்கு என் கை தானாக முன்னால் போனபோதுதான் ஓதானியின் பக்கத்தை மூடினேன்.

விளையாட்டு எழுதும் நிறுவனங்களிடம் கேட்க எனக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. திருப்பத்துக்கு ஒரே எண் போதாது, மேல்கீழ் ஒன்று, பக்கவாட்டு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு பந்தும் வலக்கைக்கு எத்தனை விழுக்காடு, இடக்கைக்கு எத்தனை விழுக்காடு என்று பதிய ஓர் இடம் கொடுங்கள். அளவுகள் பொதுவில் கிடக்கின்றன, அவற்றை ஆள் ஆளாகப் பார்த்து நிரப்ப என்னைப் போன்றவர்கள் பல ஊர்களில் காத்திருக்கிறோம்.